இருப்பிடம் அறிய அனுமதி

அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும் வந்து நிற்கிறது, திரையின் இடது மேல் மூலையில், வெள்ளையாக, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி, உங்கள் இருப்பிடத்தை அறிய இந்தத் தளத்தை அனுமதிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு. கீழே இரண்டு பொத்தான்கள், அனுமதி, தடு. அழுத்தத்தான் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் ஓட வேண்டும் என்பதுதானே இந்த வேலையே, மனுஷர் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்க்க வேண்டியதைப் பிரவுசரே தானாகத் திறந்து, தானாகப் பெயர் எழுதி, தானாகப் பொத்தானை அழுத்தி, சரியாக வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு என்று காட்டிவிட வேண்டும், அதற்கு அந்தப் பிரவுசரை முன்கூட்டியே பழக்கி வைக்க வேண்டும், பழக்கி வைக்கத்தான் நான், கோகிலவாணி, சீனியர் டெஸ்ட் இன்ஜினியர், சரவணம்பட்டி, ஐந்தாவது மாடி, ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுகிற இருக்கை. நேற்று வரைக்கும் இந்தப் பெட்டி வந்ததே இல்லை. எது கேட்டாலும் சரி என்று சொல்லிவிடு என்று பிரவுசருக்கு செட்டிங் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் சமர்த்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது, இன்றைக்குக் காலையிலிருந்து என்ன வந்ததோ, பெட்டி எட்டிப் பார்க்கிறது, பதில் சொல்ல ஆளில்லாமல் பக்கம் திகைத்து நிற்கிறது, நடுவில் ஒரு நீல வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பொறுமை தீர்ந்து டெஸ்ட் சிவப்பாகி விழுகிறது. மற்றதெல்லாம் பச்சை. இது ஒன்று மட்டும் சிவப்பு. இந்த ஒன்றுக்காக மத்தியானச் சோற்றைத் திரையைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டேன், எலுமிச்சைச் சோற்றில் கடித்த பச்சை மிளகாய் இன்னும் நாக்கில் எரிகிறது, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வர எழுந்திருக்கக்கூட மனசில்லை, எழுந்தால் அந்தப் பக்கம் சுதன் உட்கார்ந்திருக்கிறான், என்னக்கா ஆச்சா என்பான்.

ஹரிசுதன் எங்கள் டீம் லீட். என்னைவிடச் சின்னவன், நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான், அதற்காக அவன்மேல் கோபமில்லை, கோபமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்பதுதான் கோபம். ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் இந்தத் தளத்தைச் சோதித்துக் கொடுக்கிறோம். சிறுநீரகம் கெட்டவர்கள் டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்கிற தளம். எந்த ஊர்க் கிளை பக்கம் என்று அதுவே கண்டுபிடித்துக் காட்டுவதற்காகத்தான் இருப்பிடம் கேட்கிறது. இந்த வாரம் கோபிசெட்டிபாளையம் கிளையில் மட்டும், அப்பா டயாலிசிஸுக்குப் போகிற கிளைதான், விட்டுப் பார்க்கிறார்கள், திங்கட்கிழமை எல்லாக் கிளைக்கும் விடப் போகிறார்கள், அன்றோடு போனில் கூப்பிட்டுப் பெயர் சொல்கிற வழக்கம் எல்லா ஊரிலும் நின்றுபோகும், அதற்கு இன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் பச்சை என்று நான் மெயில் போட வேண்டும், என் பெயரில். மற்றவர்கள் பெயரில் போனால் பரவாயில்லையா என்று கேட்டால் அதுவும் இல்லை, ஆனால் என் பெயர் என்கிறபோது கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. போன மாதம் பக்கத்து டீமில் வயதில் மூத்தவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டுப் பேசி வேலையை விட்டு அனுப்பி வைத்தார்கள். பேசி அனுப்பினார்கள் என்றால் கேக் வெட்டி. அன்றிலிருந்து இந்த மாடியில் யாராவது கேக் வாங்கி வந்தால் யாருக்குப் பிறந்தநாள் என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.

சரி, செட்டிங் ஃபைலைத் திறந்து முதலிலிருந்து படி. சன்னலைப் பெரிசாகத் திற, ஏனென்றால் சின்னதாகத் திறந்தால் பொத்தான் மடிந்து கீழே போய்விடுகிறது. மொழி ஆங்கிலம், ஏனென்றால் தமிழில் எழுத்து நீண்டு பெட்டியை விட்டு வெளியே வருகிறது. அறிவிப்புகள் காட்டாதே. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்காதே. அசைவுகள் எல்லாம் நிறுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தாராளமாகக் காத்திரு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதுப் பிரவுசர், பழைய ஞாபகம் ஒன்றும் இருக்கக் கூடாது, இப்போதுதான் பிறந்ததுபோலத் திறக்க வேண்டும். எப்போதெல்லாம் சிவப்பு வந்ததோ அப்போதெல்லாம் ஒரு வரி சேர்த்தோம், நான் சேர்த்தது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்தது, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்களே அந்த மாதிரி, அப்புறம் பச்சை வந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான், பெரியம்மா கட்டிலுக்கு மேல் புது விரிப்புப் போட்டுத் தரை வரைக்கும் இழுத்துவிட்டாள். புள்ளைக்குச் சம்மதந்தானுங்களே என்று அவர்கள் பெரியவர் ஒருத்தர் கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மாவே, அவளுக்கென்னங், நாங்க சொன்னாச் சரிதான் என்று சொல்லிவிட்டாள். பூபதி நல்ல மனுஷன்தான், அது வேறு கதை, நான் சொல்ல வந்தது அதில்லை, கேட்ட கேள்விக்கு வேறொருத்தர் பதில் சொன்னார்கள் என்பதுதான், சரி என்ற பதில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. சனிக்கிழமை வர முடியுமா வாணி, சரி. நாத்தனார் பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள், சரி. என்னை எந்த ஃபைலில் யார் எழுதி வைத்தார்களோ, திறந்து பார்க்கத் தோன்றியதில்லை. அட, வேலையைப் பார். இருப்பிடம், அனுமதி. இதோ இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அப்புறம் ஏன் கேட்கிறாய் சனியனே.

போன் அதிர்கிறது, அம்மா. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவாள், எடுத்தால் கதை. "கண்ணு, வேலையா இருக்கறயா?" வேலை நேரத்தில் வேலையாகத்தானே இருப்பேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, சொல்லும்மா என்றேன். "அப்பாவுக்கு நாளைக்குப் பேரு குடுக்கோணுமல்ல, போன்ல கூப்புட்டா இனிமே கம்ப்யூட்டர்லதான்னு சொல்லிப்போட்டாங்க. அதுல போயி எல்லாம் அமுக்கீட்டேன் சாமி, வட்டமா ஒண்ணு சுத்தீட்டே இருக்குது, வுடவே மாட்டீங்குது." நெட் இல்லாமலிருக்கும், வாசலுக்குப் போய் நில்லும்மா என்றேன். "கருவேப்பலை மரத்துக்கிட்டத்தான நிக்கறேன், நாலு கோடும் காட்டுதே." அணைச்சுப் போட்டுத் திருப்பிப் பாரும்மா, நான் அப்பறம் கூப்பிடறேன், இங்க தலைக்கு மேல வேலை. "சரி கண்ணு, நீ பாரு, அப்பா கால்தான் கொஞ்சம் வீங்கின மாதர இருக்குது, பயப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டாள். பயப்படாதே என்று அவள் சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். ஐப்பசி மழையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போய் ஒரு தடவை டயாலிசிஸ் தள்ளிப்போனது, அப்போது அப்பா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார், ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, கால் வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஒன்றுமில்லை அம்மிணி, வாய்வு என்றார். நாளைக்குத் தவறக் கூடாது. தவறாது, அம்மா எப்படியும் போட்டுவிடுவாள், விடமாட்டாள், மாட்டுக்கு ஊசி போட ஆளை வரவழைக்கிற மாதிரி கலெக்டரையே வரவழைக்கிறவள். முதலில் இந்தச் சிவப்பு.

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். பிரவுசரைப் பழைய பதிப்புக்கு மாற்றினேன், அதே பெட்டி. மறுபடி புதுப் பதிப்பு, அதே பெட்டி. சர்வரில் ஓடும்போது பிரவுசர் திரையே இல்லாமல் ஓடும், தலையில்லாதது என்றுதான் அதற்குப் பெயர், அதில் என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாது, விழுந்ததும் ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பும். அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் அதே நீல வட்டம், நடு வழியில் நிறுத்திய வட்டம், ஒன்றில் மேலே திறந்திருக்கிறது, ஒன்றில் பக்கவாட்டில், வரிசையாகப் பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிகூட இருக்கிறது. இணையத்தில் தேடினால் என் மாதிரியே தலையைப் பிய்த்துக்கொண்டவன் ஒருத்தன் எந்த நாட்டிலிருந்தோ கேள்வி கேட்டிருக்கிறான், அடியில் அவனே, சரியாகிவிட்டது நன்றி என்று போட்டிருக்கிறான், எப்படிச் சரியானது என்று எழுதவில்லை, அவன் வீடு விளங்குமா. பக்கத்து மேசைப் பெண் இஞ்சி டீ வேணுமாக்கா என்றாள், வேண்டும் என்று சொன்னேனா வேண்டாம் என்று சொன்னேனா தெரியவில்லை, டீ வந்து ஆறி ஆடை கட்டி நிற்கிறது. யாரோ ஒருத்தர் போட்ட செட்டிங்கை இன்னொருத்தர் மறுத்திருப்பார்களோ, மேலே ஒரு இடத்தில் அனுமதி, கீழே ஒரு இடத்தில் வேறு ஏதாவது, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கண் எரிகிறது, காலையில் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், பூபதி போன் பண்ணிச் சொன்னார், எடுத்து வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன், பாருங்கள், ஒரு நல்லதுக்கு மட்டும் சட்டென்று வேண்டாம் என்று வருகிறது.

அப்புறம் தெரிந்தது. தெரிந்ததும் மேசையைக் கையால் ஓங்கித் தட்டினேன், பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அனுமதி என்பது பொதுவாகக் கொடுத்ததில்லை, இந்த முகவரியில் இருக்கிற தளத்துக்கு மட்டும் என்று முகவரி போட்டுக் கொடுத்தது. நேற்று ராத்திரி சர்வர்காரர்கள் சோதனைத் தளத்தை வேறு முகவரிக்கு மாற்றியிருக்கிறார்கள், யாரிடமும் சொல்லவில்லை, அவர்கள் எப்போது சொன்னார்கள். பழைய வீட்டுக்குக் கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு புது வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன் காலையிலிருந்து. முகவரியை மாற்றினேன். ஓட விட்டேன். பெட்டி வரவில்லை. வட்டம் கண்ணிமைக்கிற நேரம்கூடச் சுற்றவில்லை, நேராகக் கிளைப் பட்டியல், நேரப் பட்டியல், பதிவு ஆகிவிட்டது, பச்சை. மேலிருந்து கீழ் வரைக்கும் பச்சை. இந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது, நாள் முழுக்கப் பிடித்த தலைவலி அப்படியே இறங்கியது, ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தேன், நன்றாகவே இருந்தது. சுதன் மோப்பம் பிடித்த மாதிரி எழுந்து வந்துவிட்டான். "சூப்பர்க்கா. மெயில் போட்டுருங்க, ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு தடவை கேட்டுட்டாங்க." மெயிலும் தயாராகத்தான் இருந்தது, காலையிலேயே எழுதி வைத்தது, எல்லாச் சோதனைகளும் வெற்றி, கோபி கிளையில் இதுவரை புகார் ஒன்றும் இல்லை, வெளியிடலாம், இப்படிக்கு. மவுஸ் அம்பை அனுப்புகிற பொத்தானுக்குக் கொண்டுபோனேன். வட்டமா ஒண்ணு சுத்தீட்டே இருக்குது சாமி.

அம்பு அங்கேயே நின்றது. சுத்தாது அம்மா, சரியாகிவிட்டது, இப்போதுதான் சரி பண்ணினேன். எதைச் சரி பண்ணினேன், என் பிரவுசருக்கு முகவரியை மாற்றினேன், அம்மாவின் போனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அங்கே எந்த செட்டிங்கும் கிடையாது, அங்கே பெட்டி வந்து கேட்கும், கேட்டால் அம்மா என்ன சொல்வாள். தடு. அம்மா தடு என்றுதான் சொல்வாள். நான்தானே சொல்லிக்கொடுத்தேன். எதிர்வீட்டு வாத்தியார் போனில் எதையோ அழுத்திப் பணத்தை விட்ட வருஷம், பொங்கல் லீவில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன், எது அனுமதி கேட்டாலும் தடு என்று அழுத்து, ஓடிபியைக் கடவுளே கேட்டாலும் சொல்லாதே, என் நம்பரிலிருந்தே வந்தாலும் என் குரலிலேயே பேசினாலும் நம்பாதே, இப்போதெல்லாம் குரலையே உண்டாக்குகிறார்கள். அம்மா வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னாள், மூன்றையும். செட்டிங் ஃபைலைத் தொடாமல், என் சொந்தப் பிரவுசரில் தளத்தைத் திறந்தேன், பெட்டி வந்தது, தடு என்று அழுத்தினேன். நீல வட்டம். சுற்றியது. டீக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டிருந்தது. பிழை என்று ஒரு வரி இல்லை, ஊரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. காலையிலிருந்து இந்தச் சிவப்பு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயை அடைத்துவிட்டு வெற்றி வெற்றி என்று மேசையைத் தட்டியிருக்கிறேன்.

முதலில் அப்பாவுக்கு நேரம். அதை நானே இங்கிருந்து போட்டுவிடலாமே, இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை, கோபி கிளையின் தளத்தைத் திறந்து அப்பா பெயர், ரங்கசாமி, அம்மாவின் போன் நம்பர், அனுமதி, எல்லாம் ஆயிற்று, கடைசியில் ஓடிபி என்று வந்து நின்றது. கூப்பிட்டேன். "அம்மா, உன்ற போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, அதைச் சொல்லு, அப்பாவுக்கு நானே போட்டர்றேன்." அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற சத்தம். "எந்த நம்பரு?" ஓடிபிம்மா. "ஓடிபியா?" என்றாள், குரலே மாறிவிட்டது, தெரியாத ஆளிடம் பேசுகிற குரல். அம்மா, நான் வாணிதாம்மா. "வாணின்னுதான் பேசறீங்க. என்ற புள்ள எங்கிட்ட ஒருநாளும் ஓடிபி கேக்க மாட்டா. அவளே சொல்லியிருக்கறா, அவ குரல்லயே பேசுவாங்கன்னு." அம்மா, அம்மா, கருவேப்பலை மரத்துக்கிட்ட நின்னு பேசுனியே. "அதையும் ஒட்டுக் கேட்டுட்டீங்களா? அக்கா தங்கச்சியோட பொறக்கலியாடி நீ" என்று கத்திவிட்டு வைத்தாள். மறுபடி கூப்பிட்டேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது. சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது, ரெண்டும் ஒன்றாக வந்தால் மூக்கில் தண்ணீர்தான் வரும் போலிருக்கிறது. திரையில் ஓடிபிக்கான நேரம் குறைந்து குறைந்து பெட்டி மூடிக்கொண்டது. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துக்கூட விடாமல் செய்கிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான், இங்கே இருக்கிற இந்தப் பிரவுசர்கூட அப்படிச் செய்வதில்லை. பூபதியைக் கூப்பிட்டால் அவர் சிங்காநல்லூரில் பட்டறையில் இருப்பார், கிளம்பிப் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். அப்பாவிடம் போன் இல்லை. கால் வீங்கின மாதிரி. பயப்படாத.

"அக்கா, மெயில்?" சுதன் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் தெரியவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன், தடு என்று அழுத்தினா தொங்கிருது சுதன், பாரு. பார்த்தான், நெற்றியைச் சொறிந்தான், அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கு மேலேயும் ஒருத்தர் போனில் காத்திருக்கிறார். "அனுமதி குடுக்காதவங்களை நம்ம டெஸ்ட்லயே சேக்கலைக்கா. அவங்க கேட்ட பட்டியல்ல அது இல்ல." பட்டியல்ல இல்லாட்டி ஆளும் இல்லாம போயிருவாங்களா? "அப்படி எத்தனை பேர் தடுப்பாங்க? கோபில இந்த வாரம் ஒரு புகார்கூட வரலை." புகார் கொடுக்கிற பக்கமும் அதே வட்டத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது சுதன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை, ஏனென்றால் அது இப்போதுதான் எனக்கே தோன்றியது. "இப்ப அதை உள்ள கொண்டுவந்தா சிவப்பாயிரும், திங்கக்கிழமை போகாது, ஏன் இத்தனை நாள் பாக்கலைன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க, செட்டிங் ஃபைல் உங்க பேர்ல இருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்ப அனுப்பிருங்க, அடுத்த ரிலீஸ்ல நானே எடுத்து வெக்கறேன்." என் நல்லதுக்கு. கேக் கத்தியின் பிளாஸ்டிக் கைப்பிடி ஞாபகத்துக்கு வந்தது, அனுப்பப்பட்ட அம்மா ஒருத்தர் சிரித்துக்கொண்டே வெட்டினார், முதல் துண்டை யாருக்கு ஊட்டுவதென்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தார். வாய் சரி என்று சொல்லப் போகிறது, அதற்குப் பழக்கம், யோசிக்காமலே சொல்லிவிடும், உதடுகூட அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. மகள் ஸ்கூல் பஸ்ஸில் ஏறியிருப்பாள், வீட்டில் பால் இருக்கிறதா. சரி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்து நேராகக் கோபி போய்விட்டால் அப்பாவை நாளைக்கு எப்படியாவது உள்ளே சேர்த்துவிடலாம், என் அப்பாவை மட்டும், நான் அவர் மகள் என்பதால்.

போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது என்று விரல் தானாகத் தள்ளிப் போனதை இழுத்துப் பிடித்து எடுத்தேன். "அம்மிணி, நாந்தான்." அப்பா. மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, ஆனாலும் பேசுகிறார், முழு வாக்கியமாகப் பேசுகிறார், அதைத்தான் முதலில் கவனித்தேன். "உங்கம்மா போனை அணைச்சு இடுப்புல சொருகிட்டா. உன்ற கொரல்ல எவளோ ஓடிபி கேட்டாளாமா, வெரட்டி வுட்டுட்டாளாம், இங்க வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அதையே சொல்லீட்டு இருக்கறா." எங்கப்பா இருக்கீங்க? "வட்டஞ் சுத்தறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தா ஆகுமா? டவுன் பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்கே வந்துட்டோம். நாளைக்குக் காத்தால மொத ஆளா வரச் சொல்லிப்போட்டாங்க, நீ ஒண்ணும் நெனைக்காத. மிசினெல்லாம் சும்மாத்தான் கெடக்குதாமா அம்மிணி. கம்ப்யூட்டர்ல இந்த வாரம் பேரு குடுத்தவங்களே கொறைச்சல்னு நர்சம்மா சொல்லுது, ஏன்னு அதுக்கே வெளங்கலை." நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்குக் காலையில் முதல் ஆள். அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்திலிருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "எங்களாட்டமே இங்க நெறையச் சனம் உக்காந்திருக்குது. அல்லாருக்கும் சுத்துச்சாமா. திங்கக்கெழமையிலருந்து பவானிக்கும் தாராவரத்துக்கும் இதேதான் வரப்போவுதுன்னு பேசிக்கறாங்க. நாஞ் சொன்னேன், இதைச் சரி பாத்து வுடறதே என்ற புள்ளதான், கோயமுத்தூர்ல பெரிய ஆபீசுல இருக்கறா, அவகிட்டயே கேட்டுப் போடலாம்னு. இவிய நம்பலை. அதான் இந்தம்மா போனை வாங்கிக் கூப்புட்டேன். இரு, பேசறாங்க."

கை மாறுகிற சத்தம், சேலை உரசுகிற சத்தம், பின்னால் அம்மா இன்னும் யாரிடமோ ஓடிபிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது லேசாகக் கேட்டது. "ஏனுங் அம்மிணி, நல்லா இருக்கறீங்களா. உங்கப்பா சொன்னாருங். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க. அதுல அனுமதியா, தடுக்கறதான்னு ஒண்ணு கேட்டுச்சுங். எதுக்கும் அனுமதி குடுத்துராதீங்கன்னு என்ற பையன் சொல்லியிருக்கறானுங், அதனால நான் தடுன்னு அமுக்கீட்டேன். அது தப்புங்களா?" சுதன் தன் போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, அனுப்பியாச்சா என்று கண்ணால் கேட்கிறான். இல்லீங்கக்கா, தப்பில்லீங்க, நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கறீங்க என்றேன். "அப்பறம் ஏனுங் சுத்துச்சு?" கேலியில்லை, கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். சர்வர் என்று சொல்லலாம், நெட் என்று சொல்லலாம், அம்மாவிடம் மத்தியானம் சொன்னேனே, அவரும் சரிங்க என்று வாசலுக்குப் போய் நிற்பார். "நாங்க யாரும் தடுன்னு அமுக்கிப் பாக்கவே இல்லீங்கக்கா" என்றேன். சுதன் கண்ணை மூடித் திறந்தான். அந்தம்மா போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த எல்லாரிடமும் சொல்வது கேட்டது. "அவிய அதை அமுக்கியே பாக்கலியாமாங்க." அங்கே அம்மாவின் கதைகூட நின்றுவிட்டது. இனி அப்பா அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பார், யார் முகத்தைப் பார்ப்பார் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு இருமல். பிறகு அப்பாவின் குரல், தூரத்திலிருந்து, அதே தெம்போடு: "அதுக்கென்ன இப்ப? இனிமே பாத்துருவா."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மெயிலை அனுப்பாமல் மூடிவிட்டு, ஃபைலில் அனுமதி என்று இருந்ததைத் தடு என்று மாற்றி, சுதன் பார்க்கப் பார்க்க ஓட விட்டேன்.